கேட்டு வாங்கிய கிளை

குறிஞ்சிப்பாட்டை நடத்திய ஒரு நாளில், மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, கபிலர் கூறும் 99 மலர்களுள் செம்பருத்தி இல்லையே, அது நம் பூ இல்லையா?" என்று வினவினார். வினா பூவைப் பற்றியது மட்டும் அன்று என்பதை உணர்ந்தேன். 'இருந்தவர்', 'வந்தவர்' என்று மாந்தரைப் பிரிக்கும் பேச்சு வகுப்பறை வரை வந்துவிட்ட காலம் இது.

செம்பருத்தியின் பிறப்பிடத்தை எளிதில் சொல்லிவிட இயலாது. 1753இல் லின்னேயசு அதற்குச் 'சீன ரோசா' என்னும் பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். அது ரோசாவும் அன்று. சீனத்திற்கே உரியது என்பதற்கும் உறுதியில்லை. தோட்டங்களிலன்றிக் காட்டில் தானே வளர்ந்த நிலையில் அது அறியப்படவில்லை. பசிபிக் தீவுகளின் இனங்கள் கலந்து தோன்றியது என அண்மைக்கால ஆய்வாளர் சிலர் கருதுவர். 1960இல் மலாயா அதனைத் 'புங்கா ராயா' என்று போற்றித் தேசிய மலராக ஏற்றது. ஈழத்தமிழர் செவ்வரத்தை என்பர். நாமோ செம்பருத்தி என்கிறோம். செந்நிறப் பூப் பூக்கும் பருத்தி வகையொன்றுக்கும் இப்பெயர் உண்டு. பருத்தி, வெண்டை, பூவரசு ஆகியவற்றோடு இச்செடி ஒரே குடும்பம் என்பது தாவரவியலார் முடிபு. பூவின் வடிவிலேயே அவ்வுறவைக் கண்டு, நம் முன்னோர் பழைய பெயரால் அதனை அழைத்துக்கொண்டனர் போலும்.

எங்கள் கொல்லையில் நின்ற செடி, அடுத்த வீட்டு அம்மையாரிடம் உம்மம்மா கேட்டு வாங்கி நட்ட கிளையிலிருந்து தழைத்தது. உம்மம்மா அதன் இலையை அரைத்து எங்கள் தலைக்குத் தேய்ப்பார். பின்னர் அம்மையார் வீட்டுச் செடி பட்டுப்போயிற்று. விடியற்காலையில் அவர் எங்கள் கொல்லைக்கு வந்து பூசைக்குப் பூப் பறித்துச் செல்வார். மறு மழைக்காலத்தில் எங்கள் செடியின் கிளை ஒன்று அவர் வீட்டுக்குச் சென்றது. பினாங்கில் வாணிகம் செய்த வாப்பா ஒருமுறை கொண்டுவந்த மலேசிய நாணயத்திலும் இதே பூ இருந்தது. "நம் வீட்டுப் பூ அங்கேயும் இருக்கிறதா?" என்று உம்மம்மா வியந்தார்.

இச்செடி நம் தோட்டங்களில் பெரும்பாலும் காய்ப்பதில்லை. கிளை நட்டே பெருக்குகிறோம். ஒருவர் ஒடித்துத் தர, மற்றொருவர் வாங்கி நட, அவ்வாறே அது ஊர் ஊராகப் பரவியது. காலையில் மலரும் பூ பெரும்பாலும் மாலைக்குள் வாடிவிடும். ஆயினும் கைமாறிய கிளைகளால் செடி பல தலைமுறைகளைக் கடந்து நிற்கிறது.

அம்மாணவருக்கு நான் கூறிய விடை இதுவே: கபிலர் பாடிய பூக்கள் நம்முடையவை, நம் வீட்டார் நீர் ஊற்றி வளர்த்த பூவும் நம்முடையதே. எங்கிருந்து வந்தது என்று கேட்பது ஆராய்ச்சி, அது வேண்டும். ஆனால் அவ்வினாவைக் கொண்டு வேரோடு பிடுங்க முற்படுவது ஆராய்ச்சி அன்று.