பட்டை மாட்டாத ஹெல்மெட்

புனே வந்து பதினோரு வருஷமாச்சு மக்களே. இந்த ஊர்ல ஹெல்மெட் பேச்சை எடுத்தா சண்டைதான். 2019 ஜனவரியில போலீஸ் கெடுபிடி ஆரம்பிச்சப்போ, புணேரி பகடியைத் தலையில வச்சுக்கிட்டு எதிர்ப்பு ஊர்வலமே போனாங்க. நானும் சிரிச்சேன்.

ஆனா என் யோக்கியதை என்ன? பேங்குக்குப் போற வழியெல்லாம் ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல உட்கார்ந்து வரும். சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னாடி தலைக்கு ஏறும். பட்டை மாட்டற பழக்கமே இல்லை. முடி கொட்டுதுன்னு சாக்கு வேற (இருந்தாத்தானே கொட்ட!).

போன ஜூலை மழையில கர்வே ரோட்டுல வண்டி வழுக்கிடுச்சு. எனக்கு முன்னாடியே ஹெல்மெட் உருண்டு டிவைடர் ஓரம் போயிடுச்சு. நெத்தியில ஆறு தையல்.

"ஹெல்மெட் போட்டிருந்தீங்கல்ல, அப்புறம் எப்படிங்க?"ன்னு தங்கமணி கேட்டாங்க. மழை மேல பழியைப் போட்டேன்.

லீவுல சும்மா கிடந்தப்போ மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவைப் படிச்சேன். பட்டையால தலையோட இறுக்கிக் கட்டியிருந்தாத்தான் அது தலைக்கவசமாம்! லோன் பேப்பர்ல ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் திருப்பி அனுப்பற ஆளு நான். இத்தனை வருஷமா ஹெல்மெட் இல்லாமத்தான் ஓட்டியிருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி உண்மையைச் சொல்லிட்டேன். திட்டலை. இப்பல்லாம் 'க்ளிக்' சத்தம் கேட்டாத்தான் கதவைச் சாத்தறாங்க.

பின்னாடி உட்கார்றவங்களுக்கும் அதே பிரிவுதான். அவங்களுக்கு ஒண்ணு வாங்கணும். "கொண்டை இடிக்குமே"ங்கறாங்க. பேச்சுவார்த்தை நடந்துட்டிருக்கு.