நூற்றொரு வெற்றிகள்

2023-ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில், கனடா நாட்டின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் நகரில், விடுமுறையில் சென்றிருந்த பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாக ஆறு வாரங்கள் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மக்கள் கோவிலின் கீழ்த்தளக் கூடத்தில் காப்பி அருந்தியபடி அளவளாவுவது அங்குள்ள வழக்கம். ஒரு ஞாயிறன்று அக்கூடத்தின் மூலையில் நான்கைந்து பேர் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஐம்பதைத் தாண்டிய பிலிப்பினோ அன்பர் ஒருவர், சாயம் மங்கிய நீலப்பச்சை நிற விளையாட்டுச் சட்டை அணிந்திருந்தார். அதன் மார்பில் 'கிரிஸ்லீஸ்' என்று எழுதியிருந்தது.

"இது எந்த அணி? நன்றாக ஆடுவார்களா?" என்று கேட்டேன். அனைவரும் கொல்லென்று சிரித்துவிட்டனர்.

"ஃபாதர், தோற்பதில் எங்களுக்கு இணையாக அதிகம் பேர் கிடையாது. அந்த அணி இந்த ஊரைவிட்டுப் போய் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன" என்றார் அவர். அவருடைய குரலில் வெட்கம் இல்லை; பெருமைதான் இருந்தது. அது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

கூடைப்பந்து ஆட்டத்தை உருவாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் கனடியர். மொன்றியல் நகரில் இறையியல் பயின்றவர். 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடுவதற்கென்று பழக்கூடைகளை மேல்மாடத்தின் கைப்பிடியில் மாட்டி அவர் தொடங்கிய ஆட்டம் அது. அத்தகைய கனடாவிலிருந்து டொரொண்டோ, வான்கூவர் ஆகிய இரு நகரங்களின் அணிகள் 1995-இல் அமெரிக்கப் பெருங்கூட்டமைப்பான என்.பி.ஏ.யில் இடம்பெற்றன. வான்கூவர் அணிக்கு, அந்நிலத்து மலைக்காடுகளில் வாழும் கிரிஸ்லீ கரடியின் பெயரைச் சூட்டினார்கள். முதல் இரண்டு ஆட்டங்களிலும் அந்த அணி வென்றது. ஊரே மகிழ்ந்தது. அதன்பின் தொடர்ந்து பத்தொன்பது ஆட்டங்களில் தோற்றது. அதே பருவத்தின் பிற்பகுதியில் தொடர்ந்து இருபத்துமூன்று ஆட்டங்களில் தோற்றது. மொத்தம் 82 ஆட்டங்களில் 15 வெற்றி. அடுத்த ஆண்டு 14.

புதிதாய்ச் சேர்ந்த அணிகளுக்கு விதிகளும் சாதகமாக இல்லை. இளம் வீரர்களைத் தெரிந்தெடுக்கும் ஏற்பாட்டில் முதல் சில ஆண்டுகளுக்கு முதலிடம் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அனுமதிச் சீட்டு விற்றுவரும் வருவாய் கனடிய டாலரில், வீரர்களுக்குக் கொடுக்கும் ஊதியமோ அமெரிக்க டாலரில். கனடிய டாலரின் மதிப்பும் அந்த ஆண்டுகளில் சரிந்துகொண்டிருந்தது. 1999-இல் இரண்டாம் இடத்தில் தெரிந்தெடுக்கப்பட்ட ஸ்டீவ் ஃபிரான்சிஸ், வான்கூவரில் ஆட விருப்பமில்லை என்று கூறிவிட, வேறு அணிக்கு மாற்றப்பட்டார். அணியின் முதல் தெரிவாக 1995-இல் வந்த பிரையன்ட் ரீவ்ஸ், ஒக்லகோமாவின் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த ஏழடி மனிதர். 'பிக் கன்ட்ரி' என்று ஊரார் அவரைச் செல்லமாய் அழைத்தனர். நன்றாகத்தான் ஆடினார். ஆனால் முதுகுவலி அவருடைய ஆட்டவாழ்வை விரைவிலேயே முடித்துவிட்டது. ஆறு பருவங்களில் ஒருமுறைகூட இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறாமல், 2001-இல் அந்த அணி அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகருக்குப் பெயர்த்துக்கொண்டு போகப்பட்டது. கணக்கு இதுதான்: 460 ஆட்டங்கள், 101 வெற்றிகள், 359 தோல்விகள்.

இத்தகைய அணியை யார் நினைவில் வைத்திருப்பார்? ஆனால் வைத்திருக்கிறார்கள். சிறுமியாக இருந்தபோது அந்த அணியின்மீது பற்றுக்கொண்ட கேட் ஜெய்மி என்னும் இயக்குநர், ரீவ்ஸைத் தேடிச்சென்று ஒக்லகோமாவில் அவருடைய பண்ணையில் கண்டு, 2018-இல் ஒரு படம் எடுத்தார். அணி ஏன் போனது என்று ஆராய்ந்து 2022-இல் மற்றொரு படமும் எடுத்தார். வான்கூவர் தெருக்களில் அந்த நீலப்பச்சைச் சட்டையை, அணி போனபின் பிறந்த இளைஞரும் அணிந்து நடப்பதை நானே கண்டேன்.

அடுத்த ஞாயிறு அந்த அன்பர் என்னைத் தனியே சந்தித்தார். "நாங்கள் இங்கே குடியேறிய புதிதில் என் அப்பா இரவுப் பணியில் துப்புரவு வேலை செய்தார். அவருக்கு ஆங்கிலம் வராது, கூடைப்பந்து வரும். விலை குறைந்த மேல்வரிசை இருக்கைகளில் இருவரும் உட்காருவோம். தோற்றுவிட்டுத் திரும்பும் வழியில்தான் அப்பா என்னோடு அதிகம் பேசுவார். ஊரைப் பற்றி, அம்மாவை மணந்த கதை பற்றி… வென்ற நாள்களில் ஆட்டத்தைப் பற்றி மட்டுமே பேசினோம்" என்றார். சற்று நிறுத்தினார். "கடைசி ஆண்டு அப்பா கூப்பிட்டார், ஃபாதர். நான் போகவில்லை. தோற்பதைப் பார்த்துச் சலித்துவிட்டது. வெல்லத் தொடங்கட்டும், போகலாம் என்றிருந்தேன். அவர் தனியாகப் போய்வந்தார். பிறகு அணியும் போய்விட்டது, சில ஆண்டுகளில் அப்பாவும் போய்விட்டார். எல்லாரும் உரிமையாளரைக் குறை சொல்கிறார்கள். அந்த வெற்று இருக்கைகளுள் ஒன்று என்னுடையது."

ஆறுதல் சொல்ல வாயெடுத்த எனக்குச் சொற்கள் வரவில்லை. ஏனெனில் எனக்கும் ஒரு வெற்று இருக்கை உண்டு.

நான் முதன்முதலாகப் பங்குத்தந்தையாகப் பொறுப்பேற்றது ஒரு கடற்கரை ஊரில். எனக்கு முன்னிருந்த முதிய குரு, படிப்பை விட்டுக் கடலுக்குப் போகும் பையன்களுக்காக ஓர் இரவுப் பள்ளி நடத்திவந்தார். ஆண்டுதோறும் சிலர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவார்கள். அநேகமாக அனைவரும் தோற்பார்கள். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். தேர்ச்சி பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தனர். மின்கட்டணம், ஆசிரியருக்கு உதவித்தொகை எனச் செலவு மட்டும் குறையவில்லை. பங்குப் பேரவையில் எண்களை வாசித்துக் காட்டி, பள்ளியை மூடிவிட்டேன். எவரும் மறுக்கவில்லை.

பின்னர் குருக்கள் ஓய்வு இல்லத்தில் அந்த முதியவரைப் பார்க்கச் சென்றபோது, "பள்ளி நடக்கிறதா?" என்று கேட்டார். மூடிய செய்தியைச் சொன்னேன்.

"மூடும்போது எத்தனை பேர் வந்துகொண்டிருந்தார்கள்?"

"பதினேழு பேர், சாமி."

அவர் தலையசைத்தார். தேர்ச்சி எவ்வளவு என்று அவர் கேட்கவேயில்லை. அதன்பின் அவரைப் பார்க்கச் செல்வதை நான் குறைத்துக்கொண்டேன். அவருடைய அடக்கத் திருப்பலிக்குத்தான் மீண்டும் சென்றேன்.

கனடாவிலிருந்து திரும்பிய ஆண்டு, அக்கடற்கரைப் பங்கின் திருவிழாவுக்குப் போயிருந்தேன். நரை கண்ட மீனவர் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டு, அந்த இரவுப் பள்ளியைப் பற்றியே பேசினார்கள். மின்சாரம் போனால் ஏற்றும் பெட்ரோமாக்ஸ் விளக்கு, பானையில் வரும் கருப்பட்டிக் காப்பி, கணக்குச் சொல்லித்தரும்போதே கண்ணயர்ந்துவிடும் பழைய சாமியார்… யார் எத்தனைமுறை தோற்றார் என்பதில் அவர்களுக்குள் ஒரு போட்டியே நடந்தது. ஒருவர் மட்டும், கோபமே இல்லாமல், "சாமி, அத ஏன் மூடுனீங்க?" என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை.

தோல்வியைப் போற்றவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அணி வென்றிருக்கலாம், பையன்கள் தேர்ச்சி பெற்றிருந்தால் நலமாயிருந்திருக்கும். மேலும், மறைந்துபோனதை நேசிப்பது எளிது. அதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை, மழையில் நடக்க வேண்டியதில்லை. தோற்றுக்கொண்டிருக்கும்போது உடனிருப்பதே அரிது. சிலுவையின் அடியில் நின்றவர்கள் மிகச் சிலரே. ஓடிப்போனவர்களுள்தான் நம்மில் பலரும் இருக்கிறோம்.

ஆயினும் நற்செய்தி அத்துடன் முடிந்துவிடவில்லை. நம்பியிருந்ததெல்லாம் பொய்த்துப்போயிற்றே என்று பேசிக்கொண்டே இருவர் எம்மாவுக்கு நடந்துபோனார்கள். அதுவும் தோற்றுத் திரும்பும் வழியின் பேச்சுதான். உயிர்த்த ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொண்டார். ஆனால் விட்டு விலகவில்லை. அவர்களோடு நடந்தார், அவர்களோடு பந்தியில் அமர்ந்தார். ஓடிப்போனவர்களிடம், 'அன்று எங்கே போயிருந்தீர்கள்?' என்று அவர் கணக்குக் கேட்கவில்லை. காலம் கடந்த அன்பையும் அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அதை நினைவில் மட்டும் தங்கவிடாமல், எருசலேமுக்குத் திருப்பி அனுப்பினார். அன்று இரவே அவர்கள் எழுந்து நடந்தார்கள்.

இப்போது நான் பணியாற்றும் பங்கின் ஓர் ஓரத்தில், வியாழக்கிழமைதோறும் கூடும் அன்பியம் ஒன்று உள்ளது. ஆண்டறிக்கையில் அதன் பெயருக்கு எதிரே, 'செயல்பாடு இல்லை' என்று நானே எழுதியிருந்தேன். வருபவர்கள் ஆறு பேர். பெரும்பாலும் முதிய பெண்கள். பாட்டு இராகம் தப்பும்; நற்செய்தி வாசிப்பவருக்குக் கண் சரியாகத் தெரியாது. சென்ற வியாழனன்று அறிக்கை ஏதும் எடுத்துக்கொள்ளாமல், ஜெபமாலையை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அந்த வீட்டுத் திண்ணையில் எனக்கும் ஒரு பாய் விரித்தார்கள். என்னையும் சேர்த்து ஏழு பேர் இருந்தோம்.