போதும் என்கிற முறுக்கு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஊர்களில் சாரம் கட்டுகிறவர்களுக்கு இரண்டு மொழி, இரண்டு மாநிலம். கோவையில் கட்டடம் எழும்பினால் காலையில் எல்லையைத் தாண்டுவார்கள். இரவு கேரளத்தில் தூங்குவார்கள். மூணாறு, தேவிகுளம் என்று இடுக்கி மலையில் வேலை வந்தாலும் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று பெரும்பகுதி தமிழ்நாட்டு வழிதான். குழாயும் கிளாம்பும் ஏற்றிய லாரி கேரளத்தை விட்டு வெளியேறி, மறுபடியும் கேரளத்துக்குள்ளேயே நுழைகிறது.

அவர்களில் மூத்தவர்கள் தொழில் கற்றது கமுகிலும் மூங்கிலிலும். கயிற்றை இழுத்து முடிச்சுப் போடும்போது கையே சொல்லிவிடும், இனி இறுகாது என்று. பிறகு இரும்புக் குழாய் வந்தது. கயிற்றின் இடத்தைக் கிளாம்ப் பிடித்தது, முடிச்சின் இடத்தை நட்டு. இடுப்பில் தொங்கிய அரிவாளுக்குப் பதில் ஸ்பானர். அப்போதும் அளவு சொன்னது கைதான்.

இப்போது வந்திருப்பது பாட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்ச். லாரி டயர் கழற்றும் கடையில் 'டக டக டக' என்று அதிர்ந்து நட்டை உருவுமே, அதன் தம்பி. சைட்டில் அதற்குப் பெயர் 'கன்'.

"ஏனுங்ண்ணா, இன்னும் ஸ்பானரையே புடிச்சுட்டு இருக்கறீங்க? கன்னுல வெச்சா ரெண்டே செகண்டுங்க" என்பான் சின்னவன்.

"இறுக்கிப் போடும் தம்பி. எங்க நிறுத்தோணும்னு அதுக்குத் தெரியுமா?" என்பார் பெரியவர்.

வயதானவரின் பிடிவாதம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. விஷயம் இயந்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. ஸ்பானர் நட்டைத் தள்ளுகிறது, கன் அடிக்கிறது. உள்ளே ஒரு சுத்தியல் சுழன்று சுழன்று, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை பக்கவாட்டில் மோதுகிறது. ஒவ்வொரு அடியும் முந்தைய அடி விட்ட இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் முறுக்குகிறது. விசையிலிருந்து விரலை எடுக்க அரை நொடி தாமதித்தால், அந்த அரை நொடியின் அடிகளும் நட்டின் தலையில்தான் விழும்.

சாரக் கிளாம்புக்கு எவ்வளவு முறுக்கு தேவை? ஐரோப்பியத் தர விதி சொல்லும் அளவு 50 நியூட்டன் மீட்டர். பள்ளிக்கூடக் கணக்கு மறந்தவர்களுக்கு: கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் சுமார் 20 கிலோ எடை தொங்கினால் கிடைக்கும் முறுக்கு. திடகாத்திரமான ஆள், அளவான ஸ்பானரில், மூச்சுப் பிடிக்காமல் கொடுத்துவிடலாம். ஸ்பானரின் கைப்பிடி குட்டையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் குழாயைச் சொருகி நீளமாக்கிக்கொள்ளும் 'புத்திசாலிகள்' கன் வருவதற்கு முன்பே இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டரி கன்களில் சாதாரணமானவையே 200 நியூட்டன் மீட்டரைத் தொடும். பெரியவை 1,000-ஐத் தாண்டும்.

கிளாம்ப் குழாயைப் பிடித்திருப்பது உராய்வால். 48.3 மில்லிமீட்டர் குழாயைச் சுற்றி இரும்பு கவ்வுகிறது. ஆணியோ துளையோ கிடையாது. இறுக்கம் குறைந்தால் சுமை ஏறும்போது வழுக்கும். இது எல்லோருக்கும் தெரியும். அதிகமானால் என்ன ஆகும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. போல்ட் நீள்கிறது, மரை தேய்கிறது, கிளாம்பின் மூடி வளைகிறது, குழாயில் பள்ளம் விழுகிறது. இவ்வளவும் நடந்த பிறகும் சாரம் அன்றைக்கு ஆடாமல் நிற்கும். ஏறி மிதித்துப் பார்க்கிற மேஸ்திரி திருப்தியோடு தலையாட்டுவார்.

காரணம், கிளாம்புக்கு ஒரு சைட்டோடு ஆயுள் முடிவதில்லை. பெரும்பாலும் வாடகைச் சரக்கு. பாலக்காட்டில் ஒரு மாதம், அடுத்த மாதம் மூணாறில் மழைக்கு நடுவே ஒரு ஓட்டலின் சுவரோரம். இங்கே நீண்டுபோன போல்ட் அங்கே அறுந்தால், விழுகிறவன் முறுக்கினவன் அல்ல. முறுக்கினவனுக்குச் செய்திகூடப் போகாது.

அதற்காகக் கன்னைத் தூக்கி எறியச் சொல்வது அநியாயம். நாளெல்லாம் ஸ்பானர் திருப்பியவர்களின் தோள்பட்டையையும் மணிக்கட்டையும் கேட்டால் தெரியும். ஒழுங்காகப் பயன்படுத்த வழி இருக்கிறது. வேகத்தைக் குறைத்து வைத்து, நட்டு கிளாம்பில் உட்காரும் வரை கன்னை ஓட்டலாம். கடைசி முறுக்கைக் கைக்கு விட வேண்டும். அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று சைட்டில் இருந்தால், தினமும் சில கிளாம்புகளைச் சோதித்துப் பார்க்கலாம். கையாலும் அடிக்கடி தவறுகிறோம் என்பது அப்போது தெரியவரும். அது வேறு கதை.

சாக்கெட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பளபளக்கும் குரோம் சாக்கெட் கைக்கருவிக்கானது. கன்னின் அடியில் விரிசல் விட்டுச் சிதறலாம், பக்கத்தில் இருப்பது கண். இதற்கென்றே தடித்த கறுப்பு சாக்கெட் விற்கிறது. கழுத்துத் துண்டும் தொளதொள கையுறையும் சுழலும் சாக்கெட்டுக்குப் பிடித்த தீனி. சாக்கெட் மாற்றும்போது பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். மேலே ஏறும்போது, மனிதனுக்குப் பெல்ட் இருப்பதுபோலக் கன்னுக்கும் ஒரு கயிறு வேண்டும். பாட்டரியோடு சேர்த்து இரண்டு மூன்று கிலோ எடை. நான்காவது மாடியிலிருந்து நழுவினால் கீழே கலவை சுமக்கிற பெண்ணின் ஹெல்மெட்டை நம்பி இருக்க முடியாது. ஹெல்மெட் இருந்தால்!

இடுக்கியில் இன்னொரு சங்கதி உண்டு. குளிர். அதிரும் கருவியை வருடக்கணக்கில் பிடிப்பவர்களின் விரல்கள் மரத்து, குளிர் பட்டதும் வெளுத்துப்போகும். 1918-லேயே அமெரிக்காவின் இண்டியானாவில் சுண்ணாம்புக்கல் உடைக்கும் தொழிலாளர்களிடம் இதை ஆராய்ந்து எழுதினார் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன். பிரிட்டனில் 2005 முதல் கைக்கு வரும் அதிர்வுக்குச் சட்ட வரம்பே இருக்கிறது. மூணாறின் டிசம்பர் காலையில் விரல் மரத்தால், நம் ஆட்கள் 'பனி' என்று சொல்லிக் கட்டன்சாயாக் கிளாஸை உள்ளங்கையில் உருட்டிக்கொள்வார்கள். விரல் நுனி உணர்விழந்தவருக்கு முறுக்கின் அளவைக் கை எப்படிச் சொல்லும்?

விதிகள் இல்லாமல் இல்லை. 1996-இன் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1998-இல் வந்த மத்திய விதிகள், பொறுப்பான ஒருவர் மேற்பார்வையில்தான் சாரம் கட்ட வேண்டும் என்றன. அந்தச் சட்டம் 2020-இன் தொழில் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. தொகுப்பு 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. ஆனால் கன் வாங்கும் பெட்டிக்குள் இருக்கும் சிறு புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலம். 'டார்க்' என்பதற்குத் தமிழில் 'முறுக்குவிசை' என்பார்கள். அழகான சொல், சாரத்தின் மேல் யாரும் சொல்லிக் கேட்கக் கிடைக்காது. அங்கே புழங்குவது 'முறுக்கம்', 'டைட்டு', 'பத்தாது', 'போதும்'. கடைசிச் சொல்லுக்கு ஓர் எண் உண்டு என்று யாராவது தமிழிலும் மலையாளத்திலும், கூட வேலை செய்கிற வங்காளிப் பையன்களின் மொழியிலும் எழுதி ஒட்டினால் நல்லது.

வேலை முடிந்து கிளாம்புகள் சாக்குப் பையில் வாடகைக் கிடங்குக்குத் திரும்புகின்றன. எண்ணிப் பார்க்கிறார்கள். குறைந்தால் அபராதம். மரை தேய்ந்ததா, போல்ட் நீண்டதா என்று ஒவ்வொன்றாக நட்டைச் சுழற்றிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், அரை நாள் வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் பையைக் கட்டி அடுத்த லாரியில் ஏற்றிவிடுகிறார்கள்.