மூச்சுக்கு இடம்

"நிமிர்ந்து உட்காருடி" என்று அம்மா சொல்லாத நாளே கிடையாது. பரீட்சைக்குப் படிக்கும்போதும் பூக் கட்டும்போதும் அந்தச் சொல் முதுகில் வந்து விழும். உடனே மார்பைத் தூக்கி, இடுப்பை வளைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிமிர்வேன். ஐந்து நிமிடம் தாங்காது. பிறகு அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை கிடைத்தது. முதலில் காகிதத்தின் மேல், பிறகு கம்ப்யூட்டர் திரையின் முன்னால் என்று இருபத்தாறு வருஷம் குனிந்தே கழிந்தது.

வலி இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில் தொடங்கியது. தைலம் தேய்த்தால் ராத்திரிக்கு அடங்கி, காலையில் திரும்ப வரும். மாடிப்படி ஏறினால் மூச்சு பாதியில் முட்டிக்கொள்ளும். இதயத்தில் கோளாறோ என்று பயந்து போனேன். சோதனைகளில் ஒன்றுமில்லை என்று தெரிந்தபின், டாக்டர் பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கிருந்த பெண் என் முதுகைத் தொடுவதற்கு முன்னால், கீழ் விலாவின் இரண்டு பக்கமும் கைவைத்து, "சும்மா மூச்சு விடுங்க" என்றார். என் தோள்கள் ஏறி இறங்கின. அவருடைய கைகள் அசையவே இல்லை. "பாருங்கக்கா, விலா தூங்குது. கழுத்துதான் வேலை செய்யுது."

மேல்முதுகில் 12 முள்ளெலும்புகள். அவற்றிலிருந்துதான் 12 ஜோடி விலா எலும்புகளும் கிளம்புகின்றன. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்கும். கூடவே விலாக்கள், சாய்ந்து கிடக்கும் வாளிப் பிடியைத் தூக்குவதுபோலப் பக்கவாட்டில் விரியும். முதுகு கூன் விழுந்த நிலையிலேயே இறுகிவிட்டால் அந்த விரிவு சுருங்கிப்போகும். ஓடும்போது மட்டும் கைகொடுக்க வேண்டிய கழுத்துத் தசைகள் நாள் முழுவதும் சுமக்கத் தொடங்கும். நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளுக்கு 21,600. கழுத்து ஏன் கல்லாய்க் கிடந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர் காட்டித் தந்ததுதான் ஃபோம் ரோலர். தலையணை உருளைபோல, ஆனால் கெட்டியாக, 15 செ.மீ. விட்டமும் 90 செ.மீ. நீளமுமாக இருந்தது. அதைக் குறுக்கே போட்டு, தோள்பட்டை எலும்புகளின் கீழ் விளிம்பு அதன்மேல் படும்படி மல்லாந்து சாய வேண்டும். முழங்கால் மடங்கியிருக்கும், புட்டம் தரையை விட்டு எழாது. விரல்களைக் கோத்துத் தலையைப் பின்னாலிருந்து தாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு மூச்சை நீளமாக வெளியே விட்டபடி மேல்முதுகை உருளையின் மேல் மெல்ல வளைய விட வேண்டும். எழுந்து, இரண்டு விரல்கடை மேலே நகர்ந்து மறுபடியும். இப்படி மூன்று நான்கு இடங்கள் போதும். கழுத்துக்கும் இடுப்புக்கும் இதைக் கொண்டுபோகக் கூடாது.

முதல் வாரம் அவசரப்பட்டேன். அதிகம் வளைந்தால் சீக்கிரம் குணமாகும் என்று நினைத்து இடுப்பை வளைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. "வளைய வேண்டியது மேல்முதுகு மட்டும். விலாவைத் தூக்காதீங்க" என்றார் அவர். சின்ன வயதிலிருந்து நிமிர்வதாக நினைத்து நான் செய்துகொண்டிருந்ததும் இதே தவறுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது பயிற்சி. உருளையை நீளவாட்டில் போட்டு, தலையிலிருந்து வால் எலும்புவரை அதன்மேல் படும்படி சாய்ந்து, கைகளை இருபுறமும் விரித்து, உள்ளங்கை மேலே பார்க்க ஐந்து நிமிடம் படுத்திருப்பது. கைகளின் கனமே மார்பைத் திறக்கும். நாம் செய்ய வேண்டியது, உள்ளே வாங்குவதைவிட வெளியே விடுவதைக் கொஞ்சம் நீட்டுவது மட்டும்தான். ஒரு விடிகாலை, பால்காரர் மணியடித்துப் போன நேரம், உள்ளே போன மூச்சு என் முதுகை உருளையோடு அழுத்துவதை உணர்ந்தேன். முதுகுக்கும் மூச்சு போகும் என்று நாற்பத்தெட்டு வயதில் அறிந்தேன். கண் கலங்கிவிட்டது.

ரோலர் எலும்பை நேராக்கிவிடாது. இறுக்கத்தைக் கொஞ்ச நேரம் இளக்கும், அவ்வளவுதான். அந்த இளகிய நேரத்தில் சுவரோடு முதுகை ஒட்டி நின்று கைகளை ஏற்றி இறக்குகிறேன். வேலை நடுவே அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறேன். நிமிர்வு என்பது உடம்புக்குப் போடும் உத்தரவு என்று நம்பியிருந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு வரும் நிமிர்வு அடுத்த மூச்சிலேயே குலைந்துவிடும். மூச்சுக்கு இடம் கிடைத்தால் முதுகு தானே எழுகிறது.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. அவள் முதுகுதான் இன்று என்னுடையதைவிட வளைந்திருக்கிறது. நான் படுத்திருப்பதைப் பார்த்து, "எனக்கும் போட்டு விடேன்" என்று கேட்டாள். எலும்பு பலவீனமானவர்கள் உருளைமேல் வளையக் கூடாது, முள்ளெலும்பு நொறுங்கிவிடலாம். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, முதுகுக்கு மடித்த துண்டை வைத்து, விலாவின் இருபுறமும் என் கைகளை வைத்தேன்.

"என் கைக்கு மூச்சை அனுப்பும்மா."

முதல் மூச்சில் தோள்தான் எழுந்தது. நாலாவதில் என் வலது கையின் கீழே ஏதோ மெல்ல விரிந்து அடங்கியது. நான் அவளை நிமிரச் சொல்லவில்லை. அடுத்த மூச்சுக்காகக் கையை அங்கேயே வைத்திருந்தேன்.