கியர் பாக்ஸுக்கு எண்ணெய்க் குளியல்!

இன்ஜின் ஆயிலுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் எல்லா ஆயிலுக்கும் வாய்ப்பதில்லை. அளவு பார்க்க அதற்கென்று தனியாக ஒரு குச்சி. அழுத்தம் குறைந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு. போதாக்குறைக்கு டி.வி.யில் விளம்பரம்!

கியர் பாக்ஸ் ஆயில்? பாவம், கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகள். இருட்டில் நின்று எல்லா வேலையையும் செய்யும். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பெரும்பாலான சின்னக் கார்களில் அளவு பார்க்க ஒரு குச்சிகூடக் கிடையாது. ஒரு நாள் 'கர்ர்ர்' என்று முனகினால்தான், 'அட, இப்படி ஒரு ஜீவன் இருக்கிறதா?' என்று வீடே திரும்பிப் பார்க்கும்.

என் பழைய மாருதி 800 அப்படித்தான் முனகியது. காரணம் மிக்ஜாம்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்ததே, அப்போது மீஞ்சூரில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கார் மூன்று நாள் எருமை மாதிரி சுகமாக ஊறியது. தண்ணீர் வடிந்ததும் ஒரு ஒர்க்‌ஷாப்காரர் கட்டி இழுத்துப் போனார். இன்ஜின் ஆயில், ஃபில்டர், சீட் கழுவியது என்று ஒன்றரைப் பக்கத்துக்கு பில் வந்தது. "எல்லாம் பார்த்தாச்சு சார்" என்றார்.

பி.காம். படித்தவனுக்கு பில்லைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு வரியாக டிக் அடித்தேன். கியர் ஆயில் என்ற வரியே இல்லை!

புது வருஷம் பிறந்ததும் மூன்றாவது கியர் அழ ஆரம்பித்தது. அதே ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "கியர் பாக்ஸை இறக்கணும் சார்" என்று ஒரு தொகை சொன்னார்கள். நான் காரை வாங்கிய விலையில் அது கால்வாசி.

"இறக்குறது அப்பால இருக்கட்டும் தம்பி. மொதல்ல உள்ள இன்னா இருக்குன்னு பாரு" என்றார் எதிர் வீட்டுப் பெரியவர். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். நான் 'பெரியப்பா' என்று கூப்பிடுவேன். அவர் கார்களை 'குழந்தை வண்டி' என்பார்.

கியர் பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது என்று அவர்தான் விளக்கினார். "எங்க காலத்து லாரில கிளட்சை ரெண்டு வாட்டி மிதிக்கணும். நியூட்ரலுக்கு வந்து, ஆக்ஸிலரேட்டர் குடுத்து, காதால கேட்டு கியர் போடணும். தப்பா போட்டா ஊருக்கே கேக்கும். உங்க வண்டிக்கு இன்னா, மாப்ள மாதிரி போய் ஒக்காருது!"

அப்படி மாப்பிள்ளை மாதிரி உட்கார வைப்பது சின்க்ரோமெஷ் என்ற அமைப்பு. 1928-ல் அமெரிக்காவின் கெடிலாக் கார்களில் வந்தது. வேறு வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்களை, பித்தளை போன்ற உலோகத்தாலான ஒரு வளையம் உரசி உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். பிறகு பல் பல்லோடு சத்தமில்லாமல் சேரும். பல்லுக்கு வழுவழுப்பு வேண்டும். வளையத்துக்கோ கொஞ்சம் உரசல் வேண்டும். இந்த இரண்டு எதிரிகளையும் ஒரே எண்ணெய் சமாளிக்க வேண்டும்!

அதனால்தான் எந்த எண்ணெயையும் ஊற்ற முடியாது. டப்பாவில் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று போட்டிருக்கும். 5 பெரிய நம்பர், எனவே உசத்தி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். ஜி.எல்.5-ல் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். லாரியின் பின் அச்சுப் பற்களுக்கு அது அமிர்தம். சின்க்ரோ வளையத்துக்கோ அளவுக்கு மேல் வழுக்கும். சில வகை சேர்மானங்கள் பித்தளையையே அரிக்கும். உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் எது போட்டிருக்கிறதோ அதுதான் வேதம். பல சின்னக் கார்களுக்கு 75டபிள்யூ-90, ஜி.எல்.4. அளவு சுமார் இரண்டு லிட்டர்.

'90 என்றால் இன்ஜின் ஆயில் 40-ஐவிட இரண்டு மடங்கு கெட்டி' என்பதும் வதந்தி. இரண்டுக்கும் அளவுகோல் வேறு வேறு. சூடான நிலையில் கியர் ஆயில் 90-ம் இன்ஜின் ஆயில் 40-ம் கிட்டத்தட்ட பங்காளிகள்.

2024 ஜனவரி 14. ஞாயிறு, போகி. தெருவில் பசங்கள் காலை நாலு மணிக்கே பழைய பாயைக் கொளுத்தி மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பழைய பேன்ட்டை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினேன். ஒரு ஃபர்லாங் ஓட்டி, சூடு ஆற ஐந்து நிமிஷம் விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தால் எண்ணெய் சுத்தமாக இறங்கும். கொதித்தால் கை பழுத்துவிடும்.

காரின் நான்கு சக்கரமும் சம மட்டத்தில் தூக்கி, இரும்பு ஸ்டாண்டில் நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல் அடுக்கியோ அடியில் படுப்பவர்கள் முதலில் எல்.ஐ.சி. பிரீமியம் கட்டிவிட்டுப் படுக்கவும்.

"தம்பி, கீழ் பிளக்கைத் தொடாத!" என்று பெரியப்பா அதட்டினார். "மேல இருக்கிறது மொதல்ல தொறக்குதான்னு பாரு."

இது நான் கேட்ட பொன்மொழிகளில் தலையாயது. கியர் பாக்ஸில் இரண்டு பிளக். பக்கவாட்டில் உள்ளது ஊற்றுவதற்கும் அளவு பார்க்கவும். அடியில் உள்ளது வடிப்பதற்கு. அடியில் திறந்து எல்லாவற்றையும் வடித்த பிறகு, பக்கவாட்டு பிளக் துருப்பிடித்துத் திறக்க மறுத்தால் என்ன செய்வீர்கள்? உள்ளே ஒரு சொட்டு இல்லாத வண்டி, ஓட்டவும் முடியாது, ஊற்றவும் முடியாது. எங்கள் ஊர் உப்புக் காற்றில் அது திறந்தால்தான் ஆச்சரியம். முந்தின இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற வைத்திருந்தோம். சரியான சைஸ் ஸ்பேனரைப் போட்டு ஒரே சீராக அழுத்தியதும் 'டக்'.

சுண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஓட்டையின் கீழ் விளிம்பை எண்ணெய் தொட்டுக்கொண்டிருந்தால் அளவு சரி. தொட்டது. ஆனால் விரலில் வந்தது எண்ணெய் இல்லை, காபி! நல்ல டிகாஷனில் பால் கலந்த டிகிரி காபி நிறம்.

"தண்ணி பூந்துட்டுது" என்றார் பெரியப்பா. சூடு ஏறி இறங்கும்போது கியர் பாக்ஸ் மூச்சுவிட, மேலே பிரீதர் என்று ஒரு சின்னக் குழல் உண்டு. கார் தண்ணீரில் நின்றால் அந்த மூச்சோடு தண்ணீரும் உள்ளே போகும். அச்சு நுழைகிற இடத்து ஆயில் சீல் வழியாகவும் கசியும். பால் நிறம் வந்துவிட்டால் அந்த எண்ணெய் காக்கும் எண்ணெய் இல்லை, துருப்பிடிக்க வைக்கும் எண்ணெய். வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருப்பவர்கள், சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் இந்த ஒரு விரல் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

அடி பிளக்கைக் கழற்றி அகலமான தட்டில் வடித்தோம். பிளக்கின் நுனியில் ஒரு காந்தம். அதில் சாம்பல் நிறத்தில் விபூதி குழைத்த மாதிரி பசை இருந்தால் சகஜம், வயசான தேய்மானம். கைக்குத் துண்டு துண்டாக இரும்பு தட்டுப்பட்டால், பற்கள் உடைகின்றன என்று அர்த்தம். அப்போது ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதே சரி, இறக்கத்தான் வேண்டும். எனக்கு விபூதிதான். கும்பிட்டுக்கொண்டேன்.

புது வாஷர் போட்டு அடி பிளக்கை முடுக்கி, பானெட் பக்கமிருந்து நீளமான டியூபும் புனலும் வைத்து ஊற்றினோம். பக்கவாட்டு ஓட்டையில் வழிய ஆரம்பித்ததும் நிறுத்த வேண்டும். வெளியே வந்தது எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு என்று இரண்டையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டெபிட்டும் கிரெடிட்டும் ரொம்ப இடித்தால் ஏதோ தகராறு. கூட ஊற்றினாலும் ஆபத்து, சீல் பிதுங்கிக் கசியும்.

தண்ணீர் புகுந்த வண்டிக்கு ஒரு தடவை போதாது. பொன்னேரி வரை போய்த் திரும்பி, மறுபடி வடித்தேன். இந்தத் தடவை லேசான டீ நிறம். மூன்றாவது தேவைப்படவில்லை. ஐந்து லிட்டர் எண்ணெய் இரண்டாயிரம் ரூபாய்க்கு உள்ளேதான் ஆயிற்று.

இப்போது தட்டிலும் வாளியிலும் நாலு லிட்டருக்கு மேல் பழைய எண்ணெய். அதுவரை எட்டிப் பார்க்காத தெரு முழுக்க ஆலோசகர்கள் முளைத்தார்கள்.

"போகி நெருப்பு இன்னும் அணையல, அதுல ஊத்துங்க அங்கிள், சூப்பரா எரியும்!" என்றான் ஒரு பொடியன்.

"எங்க வீட்டு வாசக்காலுக்குக் குடுங்க, கரையான்" என்றார் ஒருவர்.

"சென்ட்ரிங் பலகைக்குத் தடவலாம் சார்" என்றார் மேஸ்திரி.

"எதுக்கு இவ்ளோ யோசனை? பின்னாடி காலி மனையில ஊத்துங்க, மண்ணு குடிச்சிடும்" என்றார் நாலாமவர்.

அந்த நேரம் மீன் கூடையோடு அக்கா வந்தார். போகியானாலும் ஞாயிறு ஞாயிறுதானே! எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் ஒரு குப்பத்துக்காரர். வாரா வாரம் இறாலோ நண்டோ கொண்டுவருவார். அன்று கூடையில் வெளியூர் மத்தி மட்டும். வாளியைப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"இன்னா தம்பி, இங்கயும் இந்த நாத்தமா?"

"கார் ஆயில்க்கா."

"போன மாசம் வெள்ளத்தோட வந்துச்சே, அந்த எண்ணெ. படகுல, வலைல, கால்ல, எங்க பாத்தாலும் கருப்பு. சோப்புக்கும் போவல, மண்ணெண்ணெய்க்கும் போவல. வலைய வெட்டித்தான் போட்டோம். எங்காளு இன்னும் கடலுக்குப் போவல. நான் காசிமேட்ல வாங்கியாந்து விக்கிறேன்."

யாரும் பேசவில்லை. பொடியன் மேளத்தைக் கீழே வைத்துவிட்டான்.

அவர் சொன்னது ஊரறிந்த விஷயம். மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து, பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்து விசாரித்தது. அதற்கு முன்பும் ஒரு தடவை, 2017 ஜனவரி 28-ல், காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை, இளைஞர்கள் வாளியால் அள்ளியதை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம்.

'அது டன் கணக்கு, இது நாலு லிட்டர்' என்று சொல்லலாம். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது: ஒரு காருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றும்போது வருகிற பழைய எண்ணெய், பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும். லிட்டரில் சுமார் 38 லட்சம்! எங்கள் ஊர் நிலத்தடி நீரோ ஏற்கெனவே நோயாளி. அளவுக்கு மேல் உறிஞ்சி, 1960-களின் கடைசியிலிருந்தே கடல் உள்ளே புகுந்துவிட்டது. கடல் நீர் ஊடுருவலுக்கு உதாரணமாக ஆய்வுக் கட்டுரைகளில் மீஞ்சூர் பெயர் வரும். 2010-ல் பக்கத்துக் காட்டுப்பள்ளியில், கடல் நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையைத் திறந்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் காலி மனையில் ஊற்றினால் 'மண் குடித்துவிடும்' என்பது சரிதான். அப்புறம் அந்த மண்ணிலிருந்து நாம் குடிப்போம்.

புது எண்ணெய் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி இறுக மூடினேன். பெட்ரோல், கூலன்ட் எதையும் கலக்கக் கூடாது, கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு ஆகாது. பழைய எண்ணெய் சட்டப்படி அபாயக் கழிவு. 2016-ன் விதிகளில் இருக்கிறது. விற்கிற கம்பெனிகளே பழைய எண்ணெய் மறுசுழற்சிக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று 2023-ல் திருத்தம் வந்து, 2024 ஏப்ரல் 1 முதல் அமலானது. நமக்கு இதில் வேலை சுலபம்: அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் போதும்.

பொங்கல் முடிந்து அப்படி ஓர் இடம் தேடினேன். முதல் கடையில் 'எவனோ வந்து எடுத்துட்டுப் போவான்' என்றார்கள். இரண்டாவதில் அடுப்பெரிக்க என்றார்கள். மூன்றாவது கடையில் பெரிய பீப்பாயும், எடுத்துப் போகிறவர் கொடுத்த ரசீதுப் புத்தகமும் இருந்தன. மெக்கானிக் பையன் கேனை வாங்கிக்கொண்டு சந்தேகமாகப் பார்த்தான்.

"எவ்ளோ துட்டு வேணும் அண்ணே?"

"ஒண்ணும் வேணாம்ப்பா. அந்த ரசீதை மட்டும் காட்டு."

பார்த்து டிக் அடித்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது கியர் இப்போது அழுவதில்லை. காலையில் மட்டும் லேசாக முனகும். தேய்ந்த வளையத்தை எந்த எண்ணெயும் வளர்த்துத் தராது. அந்தச் செலவு ஒரு நாள் வரும், வரட்டும்.

அக்காவின் கூடையில் மறுபடி முகத்துவாரத்து இறால் வர வெகு நாள் ஆயிற்று. வந்த அன்று பேரம் பேசாமல் வாங்கினேன். வீட்டில், "ஏன் இவ்வளவு விலை?" என்றார்கள்.

கியர் பாக்ஸ் செலவில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.