ஸ்க்ரூ போய்ப் பசை வந்தது

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பியதுமே கேள்விகள் ஆரம்பித்துவிடுகின்றன. "டெம்பர் கிளாஸா சார்? டிஸ்ப்ளேவா? பேட்டரியா?" ரேடியோ உதிரிபாகக் கடைகளாகத் தொடங்கி, டிவிக்கும் கணிப்பொறிக்கும் மாறி, இப்போது செல்போனில் வந்து நிற்கும் இடம் இது. ரிச்சி தெரு என்பது ஒரு தெருவின் பெயர்தான். ஆனால் நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் சாலை, மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்ந்த வட்டாரத்தையே ஊர் அப்படி அழைக்கிறது. கீழே விற்பனை நடக்கும். மாடிப்படி ஏறினால் சர்வீஸ்.

அப்படி ஒரு படிக்கட்டின் திருப்பத்தில் இருந்த கடையில் போய் உட்கார்ந்தேன். கடையின் அகலமே ஒரு மேசைதான். அதன் மேல் நீல நிற சிலிக்கான் விரிப்பு, மைக்ராஸ்கோப், ஹாட் ஏர் மெஷின், சால்டரிங் அயர்ன், டிசி பவர் சப்ளை, மல்டிமீட்டர், ஐபிஏ என்று எல்லோரும் சொல்லும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் பாட்டில், மயிர் தேய்ந்துபோன டூத் பிரஷ். நாற்பதைத் தாண்டிய கடைக்காரரும் அவரிடம் தொழில் கற்கும் இருபது வயதுத் தம்பியும் தோளோடு தோள் இடித்தபடி வேலை செய்கிறார்கள்.

முதலில் வந்தவர் ஒரு அம்மா. "சார்ஜே ஏறல தம்பி. பின் மாத்தணும், ஆயிரம் ரூபா ஆகும்னு எங்க ஏரியால சொல்லிட்டாங்க." கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லை. போனை அணைத்தார், டைப் சி துளையை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் பிடித்தார், மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் ஓரம் ஓரமாக நெம்பினார். கைப்பையின் தூசும் நூலும் கேபிள் குத்தக் குத்த இறுகி, சின்னக் கம்பளித் துண்டாக வெளியே வந்தது. அதன் பிறகு கேபிளுக்கு நடுவே ஒரு யுஎஸ்பி மீட்டரைச் செருகி, ஆம்பியர் எண் ஏறுகிறதா என்று பார்த்தார். ஏறியது. "ஐம்பது ரூபா குடும்மா போதும்."

அந்த அம்மா போன பிறகு எனக்கு விளக்கம் சொன்னது தம்பிதான். சார்ஜ் ஏறவில்லை என்று வருபவர்களிடம் முதலில் வேறு கேபிள், வேறு அடாப்டர், பிறகு தூசு, அதற்கும் பிறகுதான் போனைத் திறப்பது. சத்தம் குறைந்துவிட்டது என்றால் ரிங்கர் போய்விட்டது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. அதன் வலை அடைத்திருக்கும், பிரஷ்ஷும் ஐபிஏயும் போதும். நாம் பேசுவது எதிர்முனையில் கேட்கவில்லையா? சிம் தட்டைத் திறக்கும் ஊசியை மைக் துளைக்குள் குத்தினீர்களா என்று கேட்க வேண்டும். குத்தியவர்கள் நிறையப் பேர். இரண்டு துளைகளும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கின்றன. இந்தக் குற்றத்தில் பாதியைப் போனை வடிவமைத்தவர் தலையில்தான் கட்ட வேண்டும்.

கடைக்காரர் தொழில் கற்ற காலத்தில் நோக்கியா 1100தான் பாடப்புத்தகம். 2003இல் வந்து, உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்ற, தலையில் டார்ச் விளக்கு வைத்த அந்தப் போன். பின்மூடியை விரலால் தள்ளினால் வந்துவிடும், பேட்டரி நகத்தால் எழும்பும், பிறகு டி6 ஸ்க்ரூடிரைவர் ஒன்று இருந்தால் போர்டு கையில். 2006இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலையே திறந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்த பேட்டரி பீதியைப் பற்றிச் சொல்லும்போது கடைக்காரர் சிரித்துவிட்டார். மட்சுஷிடா நிறுவனம் தயாரித்த 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று நோக்கியா அறிவித்திருந்தது. "ஆளாளுக்குப் பேட்டரியக் கழட்டிக் கைல வெச்சிக்கிட்டு, 'அண்ணே, என்னுது வெடிக்குமா பாருங்க'ன்னு வருவாங்க சார்." அப்போது கழற்ற முடிந்தது. கழற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது அவர் மேசைக்கு வரும் போன்களில் பெரும்பாலானவற்றுக்கு வெளியே ஒரு ஸ்க்ரூவும் கிடையாது. முதுகு முழுக்கப் பசை. ஆப்பிள் போனின் அடிப்பகுதியில் மட்டும் இரண்டு உண்டு. அதுவும் 2011 முதல் ஐந்து இதழ் பூவைப் போன்ற தலை கொண்டது. சாதாரண ஸ்க்ரூடிரைவர் அதில் உட்காராது. போனை மெலிதாக்கவும் தண்ணீர் புகாமல் தடுக்கவும் பசை உதவுகிறது என்பது உண்மை. திறப்பவனின் கையைக் கட்டிப்போடவும் அது உதவுகிறது என்பதும் உண்மைதான்.

உடைந்த டிஸ்ப்ளேயுடன் ஒரு நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன் வந்தது. இதைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முதலில் சிம் தட்டை வெளியே எடுக்க வேண்டும். மறந்தால் போர்டைத் தூக்கும்போது அது மாட்டி இழுக்கும். அடுத்து போனை மல்லாக்க ஹீட்டிங் பிளேட்டில் வைத்து, ஏறத்தாழ 80 டிகிரிச் சூட்டில் சில நிமிடம் விட்டான். பசை இளகியதும் சக்‌ஷன் கப்பால் பின்கண்ணாடியை இம்மி அளவு தூக்கி, அந்த இடுக்கில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய துண்டைச் செருகினான். தோசையைத் திருப்பும் முன் ஓரத்தில் கரண்டி விடுவதைப் போல அதைச் சுற்றிலும் ஓட்டிக்கொண்டு போனான். கைரேகை சென்சாரின் பட்டி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். அது தெரியாமல் ஃபிலிமை ஆழமாக விட்டால் பட்டி அறுந்துவிடும். டிஸ்ப்ளே மாற்ற வந்தவருக்கு விரல் வைத்துத் திறக்கும் வசதியும் போய்விடும்.

மூடி வந்ததும் தம்பியின் கை நேராக டிஸ்ப்ளே கனெக்டருக்குப் போனது. "முதல்ல என்ன?" என்றார் கடைக்காரர். தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு பேட்டரி கனெக்டரைப் பிளாஸ்டிக் ஓப்பனரால் எடுத்தான். எந்தப் போனாக இருந்தாலும் முதலில் கழற்றுவது பேட்டரி இணைப்பு, கடைசியில் மாட்டுவதும் அதுதான். டிஸ்ப்ளேயின் பின்விளக்குக்குப் போகும் மின்னழுத்தம் பேட்டரியின் 4 வோல்ட்டைவிடப் பல மடங்கு அதிகம். மின்சாரம் இருக்கும்போது கனெக்டரைக் கோணலாக எடுத்தால் பக்கத்துப் பின்னில் பட்டு, பின்விளக்குச் சுற்று எரிந்துவிடும். அப்புறம் புது டிஸ்ப்ளே போட்டாலும் படம் இருட்டாகத்தான் தெரியும்.

ஸ்க்ரூக்கள் காந்தப் பாயில், போனில் இருந்த அதே இடங்களைப் போல வரைபடமாகப் பரவின. இது அழகுக்காகச் செய்வது அல்ல. ஐபோன் 5எஸ்ஸில் டிஸ்ப்ளே கேபிள்களின் மேல் இருக்கும் தகட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களின் நீளம் 1.2, 1.3, 1.7 மில்லிமீட்டர். நீளமானதைக் குட்டையின் துளையில் போட்டு முறுக்கினால், அதன் முனை போர்டுக்குள் இறங்கி உள்ளே ஓடும் தடங்களை அறுத்துவிடும். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் போன் டெட். அந்தக் காலத்தில் வீட்டிலேயே போனைக் கழற்றிப் பார்த்தவர்களிடமிருந்து தனக்கு நல்ல வருமானம் வந்தது என்கிறார் கடைக்காரர், ஒளிவுமறைவில்லாமல்.

புதிதாகப் போடும் காம்போ என்பது டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்து வரும் பாகம். அதை ஒட்டும் முன் சும்மா மாட்டி, ஆன் செய்து, தொடுகை எல்லா மூலையிலும் வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். பசை போட்ட பிறகு குறை தெரிந்தால் காம்போவை விற்ற கடைக்காரர் அதைத் திரும்ப வாங்க மாட்டார். கறுப்புப் பசையைக் கோடாக ஓட்டி, அழுத்தி, நான்கு பக்கமும் கிளிப் மாட்டி ஓரமாக வைத்தாயிற்று. வாடிக்கையாளரிடம் தம்பி மறக்காமல் சொன்னது, "இனிமே இத தண்ணில போடாதீங்கண்ணா." ஒருமுறை திறந்த போனுக்கு ஆலையில் போட்ட பசைச் சீல் போய்விடுகிறது, தண்ணீர் புகாது என்று காட்டப் பெட்டியில் என்ன ஐபி எண் போட்டிருந்தாலும் அதை இனி நம்ப முடியாது. இதைச் சொல்லாத கடைகள் பல. சொல்லும் கடைக்குப் போவது நல்லது.

பேட்டரி விஷயத்தில் மட்டும் தம்பியைத் தனியாக விடுவதில்லை. உப்பிப்போன பேட்டரிக்குள் வாயு சேர்ந்திருக்கும். அதன் அடியில் உலோகக் கருவியை விட்டு நெம்பும்போது உறை கிழிந்தால் உள்ளிருக்கும் அடுக்குகள் ஒன்றோடொன்று பட்டுத் தீப்பிடிக்கும். மேசைக்கு அடியில் ஒரு டின் நிறைய மணல் இருக்கிறது. பேட்டரியின் சார்ஜை முடிந்தவரை இறக்கிவிட்டு, ஓரத்தில் ஐபிஏ சொட்டுவிட்டு, பசை ஊறும் வரை காத்திருந்து, பிளாஸ்டிக் அட்டையால் மெல்லத் தூக்குகிறார்கள். அவசரக்காரர்களை "டீ குடிச்சிட்டு வாங்க சார்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

மதியத்துக்கு மேல் வந்த போன் தண்ணீரில் விழுந்தது. அதன் உரிமையாளர் இரண்டு நாள் அரிசி டப்பாவில் புதைத்து வைத்துவிட்டுக் கொண்டுவந்திருந்தார். அரிசியில் போடாதீர்கள், துகள் உள்ளே போகும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024 தொடக்கத்தில் எழுதிவைத்தது. கடைக்காரரின் வருத்தம் வேறு: அந்த இரண்டு நாளும் பேட்டரி போர்டோடு இணைந்தே இருந்திருக்கிறது. ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் உலோகம் அரிக்கும். திறந்ததும் ஈரத்தைக் காட்டும் வெள்ளை ஸ்டிக்கர் சிவந்திருந்தது, கனெக்டர் ஓரங்களில் பச்சை பூத்திருந்தது.

இங்கேதான் கைவேலை மூளைவேலையாக மாறுகிறது. போர்டை ஐபிஏயும் பிரஷ்ஷுமாகக் கழுவி, காயவைத்து, பேட்டரிக்குப் பதிலாக டிசி பவர் சப்ளையைக் கொடுத்தார். பவர் பட்டனைத் தொடும் முன்பே ஆம்பியர் எகிறியது. "ஃபுல் ஷார்ட்." இனி அந்த மின்சாரம் எங்கே ஒழுகுகிறது என்று பிடிக்க வேண்டும். போர்டில் நூற்றுக்கணக்கான கெப்பாசிட்டர்கள், பல 0.6க்கு 0.3 மில்லிமீட்டர் அளவு, சில அதையும்விடச் சிறியவை. சால்டரிங் அயர்ன் முனையில் ரோசினை உருக்கி, அந்தப் புகையைப் போர்டின் மேல் படரவிட்டார். போர்டு திருநீறு பூசியது போல வெளுத்தது. பிறகு வோல்ட்டேஜைக் குறைத்து மின்சாரம் கொடுத்ததும் ஒரே ஒரு கெப்பாசிட்டரின் மேல் மட்டும் வெண்மை உருகி மறைந்தது. அதுதான் சூடாகிறது, அதுதான் குற்றவாளி. தெர்மல் கேமரா வைத்திருக்கும் கடைகள் இதையே திரையில் பார்க்கின்றன. இவருக்கு ரோசின் போதும்.

ஆலையில் போடும் ஈயமில்லாத சால்டர் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். இவர் கையில் இருக்கும் ஈயக்கலவைக்கு 183 போதும். இரண்டையும் கலந்து, ஃப்ளக்ஸ் தடவி, ஹாட் ஏரை வட்டமாகச் சுற்றி அந்தக் கெப்பாசிட்டரை எடுத்தார். பவர் சப்ளையின் எண் சுழியத்துக்கு இறங்கியது. ஆன் ஆனதும் உரிமையாளரிடம் அவர் கேட்ட கேள்வி, "உங்களுக்குப் போன் வேணுமா, உள்ள இருக்கறது வேணுமா?" தண்ணீர் குடித்த போர்டு எத்தனை நாள் ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. படங்களையும் தொடர்பு எண்களையும் அங்கேயே உட்கார்ந்து வேறு போனுக்கு மாற்றச் சொன்னார்.

போனைக் கொடுப்பவரின் பயம் பழுதைப் பற்றியது மட்டுமல்ல. லாக் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதித் தந்துவிட்டு, கடையை விட்டு நகராமல் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்தேன். சில சாம்சங் போன்களில் 2022 முதல் மெயின்டனன்ஸ் மோடு என்று ஒன்று வந்திருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் கடைக்காரர் போனைச் சோதிக்கலாம், படங்களைப் பார்க்க முடியாது. இது தெரிந்து வருபவர்கள் மிகக் குறைவு. கடைக்காரருக்கும் தன் பங்குக்கு ஒரு பயம் உண்டு. திருட்டுப் போன். பில் இல்லாமல் லாக் எடுக்க வந்த இரண்டு பையன்களை அவர் உட்காரச் சொல்லவே இல்லை. 2023இல் வந்த மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் தொலைந்த போனின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை முடக்கலாம். அந்த எண்ணை மாற்றித் தருவது சிறைக்குப் போகும் குற்றம்.

இத்தனைக்கும் மேல் புதிதாக ஒரு பூட்டு வந்திருக்கிறது, அது மென்பொருளில். 2019இல் வந்த ஐபோன் 11 முதல், டிஸ்ப்ளேயை வெளியில் மாற்றினால் அசல் பாகமா என்று உறுதிசெய்ய முடியவில்லை எனத் திரையிலேயே எச்சரிக்கை வருகிறது. 2021இல் ஐபோன் 13க்கு டிஸ்ப்ளே மாற்றியபோது முகம் காட்டித் திறக்கும் வசதியே நின்றுபோனது; எதிர்ப்பு கிளம்பியதும் ஆப்பிள் புதுப்பிப்பு ஒன்றில் அதைச் சரிசெய்தது. இந்தப் பூட்டைச் சமாளிக்க இங்குள்ளவர்கள் பழைய டிஸ்ப்ளேயின் பட்டியிலிருந்து குட்டி ஐசியைப் பிரித்துப் புதியதில் ஒட்டப் பழகிவிட்டார்கள்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அதற்கான இணையதளமும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். இதையெல்லாம் கடைக்காரரிடம் சொன்னேன்.

"வரட்டும் சார், நல்லதுதான். எனக்கு டயகிராம் குடுக்கச் சொல்லுங்க, அது போதும்" என்றார். போர்டின் சுற்றுப்படத்தை நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. சீனாவிலும் இந்தோனேசியாவிலும் யாரோ தொகுத்து, வருடச் சந்தாவுக்குத் தரும் மென்பொருளைத்தான் இந்த மாடி முழுக்க நம்பியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் இன்றும் போன்கள் தயாராகின்றன. அந்தப் போன்களின் சுற்றுப்படம் ரிச்சி தெருவுக்குக் கடல் தாண்டித்தான் வந்து சேர்கிறது. இவர் தன் சந்தாவைப் பக்கத்துக் கடைக்காரரோடு பாதிப் பாதி பங்கிட்டுக் கட்டுகிறார். அடுத்த மாதம் தவணை. அதற்குள் அந்தப் பக்கத்துக் கடைக்காரரிடம் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, தம்பிக்குப் பயிற்சிக்கென்று குப்பைப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்க்ராப் போர்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.