மூன்று விலைப்பட்டியல்கள்

சென்ற கோடையில் வந்த மின்கட்டணக் கணக்கு நம்மைத் திடுக்கிடச் செய்தது. இரு மாதங்களில் 720 யூனிட்! மொட்டை மாடியில் சூரியப் பலகைகள் அமைத்துவிடுவதெனத் துணிந்து, மூவரிடம் கொட்டேஷன் கேட்டோம்.

மதரஸாவில் 25 ஆண்டுகளாக வணிகச் சட்டப் பாடம் நடத்தி வருகிறோம். விற்கும் பொருள் இன்னது, இவ்வளவு என்று தெளிவில்லாத வியாபாரம் 'கரர்', அது கூடாது என்று எத்தனையோ மாணவர்க்கு விளக்கியிருக்கிறோம். ஆயினும் பட்டியல்கள் கைக்கு வந்ததும் நம் கண் தேடியது அடியிலிருந்த கூட்டுத்தொகையை மட்டுமே. மூன்றும் 3 கிலோவாட் அமைப்புகள். முதலாவது 1,95,000 ரூபாய்; இரண்டாவது 1,45,000; மூன்றாவது 3,85,000. இரண்டாமவருக்கே முன்பணம் கொடுக்க எழுந்தோம்.

"இராத்திரி கரண்டு போனால் மாமியின் நெபுலைசர் ஓடுமா?" என்று கேட்டார் நம் இல்லத்தரசியார். நம் உம்மாவுக்கு நெடுநாளைய ஆஸ்துமா. நம்மிடம் விடை இல்லை. அமர்ந்து, பட்டியல்களை வரிவரியாகப் படித்தோம்.

முதலாவதில் மின்கலமே இல்லை. தெருக் கம்பியில் மின்சாரம் நின்றால் அவ்வமைப்பு நண்பகலிலும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. இரண்டாவதில், 2024இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் மானியம் 78,000 ரூபாயை முன்கூட்டியே கழித்திருந்தனர். வேலை முடிந்த பின்னரே அது நம் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை நாம் கொடுக்க வேண்டியது 2,23,000. அவர்தம் ஈய அமில மின்கலமோ 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 1.8 யூனிட். நெடுநாள் உழைக்க வேண்டுமாயின் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். மூன்றாவது, 5 யூனிட் கொள்ளும் லித்தியம் மின்கலம்.

பின்னர் நம் தேவையை எழுதினோம். நம் பகுதியில் 1 கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் 12 தரும். நம் செலவும் அதுவே. பகலில் மிஞ்சுவது இருவழி மீட்டர் வழியே வாரியத்தின் கம்பிக்குச் சென்று கணக்கில் கழியும். மின்தடை இரவிலோ இரண்டு விசிறி, ஒரு விளக்கு, உம்மாவின் நெபுலைசர்: ஐந்து மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 யூனிட். அதற்கு 5 யூனிட் மின்கலம் எதற்கு?

மூன்றாமவரிடம் மின்கலத்தைப் பாதியாக்கி, கடற்காற்றில் துருப்பிடிக்காத துத்தநாகம் பூசிய சட்டங்களும் இன்வெர்ட்டருக்கான உத்தரவாத ஆண்டுகளும் எழுத்தில் வேண்டுமெனக் கேட்டோம். 3,10,000 என்று மாற்றித் தந்தார். மானியம் வந்தபின் 2,32,000. மலிவானதன்று, ஆனால் எதற்கு விலை கொடுக்கிறோம் என்பதை அறிந்திருந்தோம்.

ஐப்பசி மழையில் ஒருநாள் நள்ளிரவு தெருவே இருண்டது. உம்மாவின் அறையில் நெபுலைசரின் ஓசை தடையின்றிக் கேட்டது.

இப்போது வகுப்பில் அப்பாடம் வரும்போது, நீரிலுள்ள மீன், வானத்துப் பறவை என்னும் பழைய எடுத்துக்காட்டுகளோடு, நாம் ஏமாற இருந்த அந்த இரண்டாம் பட்டியலையும் மாணவர்க்கு வாசித்துக் காட்டுகிறோம்.